ஓட்டுகிறவருக்கும் அது விடுமுறைதான்

அன்புள்ள சகோதரிக்கு,

கிறிஸ்துமஸ் விடுமுறையில் குடும்பத்தோடு நியூசிலாந்தின் தென்தீவைக் காரில் சுற்றப் போவதாக எழுதி, நாள்வாரியான திட்டத்தையும் அனுப்பியிருந்தீர்கள். டிசம்பர் 21 காலையில் கிரைஸ்ட்சர்ச்சில் இறங்கி, அன்று மாலைக்குள் டெகாப்போ. மறுநாள் மவுண்ட் குக்கைப் பார்த்துவிட்டு இரவுக்குள் குவீன்ஸ்டவுன். அங்கிருந்து மில்ஃபோர்ட் சவுண்டுக்கு ஒரே நாளில் போய்த் திரும்புவது. பிறகு வனாக்கா, ஹாஸ்ட் கணவாய், மேற்குக் கரையில் இரண்டு பனியாறுகள், ஆர்தர்ஸ் பாஸ் வழியாக மறுபடி கிரைஸ்ட்சர்ச். 28ஆம் தேதி ஊருக்கு விமானம்.

திட்டத்தின் ஓரத்தில் யாருக்கு என்ன பிடிக்கும் என்றும் குறித்திருக்கிறீர்கள். மகளுக்குக் கியா கிளி, சின்னவனுக்குப் படகு, மாமியாருக்கு ஏரிக்கரைத் தேவாலயம், உங்களுக்கு மலை. வீட்டுக்காரருக்கு நேரே ‘கார் ஓட்டுவது’ என்று மட்டும் இருக்கிறது. அந்தக் குறிப்பு என் மனதை விட்டுப் போகவில்லை. நம் குடும்பங்கள் பலவற்றில் வெளிநாட்டுக் கார்ப் பயணம் இப்படித்தான் அமைந்துவிடுகிறது. ஐந்து பேர் கிளம்புகிறோம். நான்கு பேர்தான் ஊர் பார்க்கிறோம். அதனால்தான் இந்தப் பதிலை உங்களுக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் தூரம். மேப்பில் குவீன்ஸ்டவுனுக்கும் மில்ஃபோர்டுக்கும் நடுவே விரல் அகலம்தான் இடைவெளி. நேர்கோட்டில் அளந்தால் நூறு கிலோமீட்டர்கூட வராது. ஆனால் நடுவில் இருப்பது மலை, சாலை கிடையாது. தெற்கே இறங்கி, டெ ஆனாவ் என்ற சிற்றூரைத் தொட்டு, மறுபடி வடக்கே ஏற வேண்டும். சுமார் 290 கிலோமீட்டர். நிற்காமல் ஓட்டினாலே நான்கு மணி நேரம். போக நான்கு, வர நான்கு, நடுவில் படகு. அன்று முழுக்க ஒரு மனிதர் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்க முடியாது.

சாலை நன்றாகத்தான் இருக்கும். ஊருக்கு வெளியே மணிக்கு 100 கிலோமீட்டர் வரை போகலாம் என்பது சட்டம். ஆனால் நம் நான்குவழிச் சாலைக் கணக்கு அங்கே உதவாது. பெரும்பாலும் போக ஒன்று, வர ஒன்று. வளைவுக்கு முன்னால் மஞ்சள் பலகையில் 35, 45, 65 என்று வேகம் எழுதியிருக்கும். அதை மதித்தே ஆக வேண்டும். ஒற்றைவழிப் பாலங்களும் நிறைய. பலகையில் உங்கள் திசைக்குச் சின்னச் சிவப்பு அம்பு போட்டிருந்தால், எதிரே வருகிறவர் பாலத்தைக் கடக்கும் வரை நீங்கள் நிற்க வேண்டும். பின்னால் நாலு வண்டி சேர்ந்துவிட்டால் இடப்பக்கம் ஒதுங்கி வழிவிடுவது அங்கே மரியாதை. இத்தனையையும் கவனிக்கிறவர் ஏரியை எப்போது பார்ப்பார்?

அடுத்தது முதல் நாள். டிசம்பரில் அந்த ஊர் நேரம் நம்மைவிட ஏழரை மணி நேரம் முன்னால் ஓடும். சிங்கப்பூரிலிருந்து மட்டுமே பத்து மணி நேரம் பறந்து, காலை பத்து மணிக்குக் கார்ச் சாவியை வாங்கும்போது உங்கள் வீட்டுக்காரரின் உடம்புக்கு அது நடுநிசி தாண்டி இரண்டரை மணி. அந்த நிலையில் 230 கிலோமீட்டர் ஓட்டச் சொல்லாதீர்கள். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். மற்ற யோசனைகளைத் தள்ளினாலும் இதைத் தள்ளாதீர்கள். அன்று கிரைஸ்ட்சர்ச்சிலேயே தங்குங்கள். ஏவன் ஆற்றங்கரையில் குழந்தைகளை நடக்க விடுங்கள். 2011 பிப்ரவரி 22 நிலநடுக்கத்தில் 185 பேரை இழந்த நகரம் அது. இடிந்த கதீட்ரலுக்குப் பதிலாக ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் அட்டைக் குழாய்களை வைத்து எழுப்பிய தேவாலயம் 2013இல் திறந்தது. மாமியாருக்கு அது நிச்சயம் பிடிக்கும்.

இனி, மேற்குக் கரையை எடுத்துவிடுங்கள். மனசு வராது, தெரியும். பனியாறு என்ற ஆசையில்தான் ஹாஸ்ட் வழியாக அவ்வளவு தூரம் ஓட்டத் தயாராக இருக்கிறீர்கள். ஃபிரான்ஸ் ஜோசஃப் பனியாறு மளமளவென்று பின்வாங்கிவிட்டது. பள்ளத்தாக்கில் நடந்து போய் அதன்மேல் கால் வைக்கும் காலம் முடிந்துவிட்டது. இப்போது ஹெலிகாப்டரில் ஏறினால்தான் பனியில் நடக்கலாம். ஃபாக்ஸ் பனியாற்றுக்குப் போன சாலை 2019இல் மலைச்சரிவோடு போய்விட்டது. இரண்டையும் எட்ட நின்று பார்க்க, வயதானவரையும் ஐந்து வயதுக் குழந்தையையும் இரண்டு நாள் காருக்குள் அடைத்து வைக்க வேண்டுமா? கிரைஸ்ட்சர்ச்சில் எடுத்த காரைக் குவீன்ஸ்டவுனில் விட்டுவிட்டு அங்கிருந்தே விமானம் ஏறுங்கள். கூடுதலாகக் கொஞ்சம் வாங்குவார்கள், பரவாயில்லை. அப்படிச் செய்தால் டெகாப்போவில் இரண்டு இரவு, குவீன்ஸ்டவுனில் இரண்டு, டெ ஆனாவில் இரண்டு என்று நிதானமாக அமையும். அரக்கப் பரக்க மூட்டை கட்ட வேண்டியதில்லை.

டெகாப்போவில் ஒரு இரவு போதாது என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த ஏரியின் நீலத்தை முதலில் பார்க்கும்போது கண் நம்பாது. பனியாறுகள் மலையை அரைத்து அரைத்துக் கல்லை மாவாக்குகின்றன. அந்த மாவு தண்ணீரில் மிதந்து வெயிலைச் சிதறடிப்பதால் வரும் நிறம் அது. கரையில் 1935இல் கட்டிய சின்னக் கல் தேவாலயம். பலிபீடத்துக்குப் பின்னால் ஓவியம் கிடையாது; ஒரு ஜன்னல் மட்டும், அதற்குள் ஏரியும் மலையும். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. போனைப் பைக்குள் வைத்துவிட்டு மாமியாரோடு பத்து நிமிடம் உட்காருங்கள். கரையோரம் ஊதாவும் இளஞ்சிவப்புமாக லுபின் பூக்கள் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். டிசம்பர் கடைசியில் அவை வாடத் தொடங்கும். அந்தப் பூ வெளியிலிருந்து வந்த செடி. ஆற்றுப்படுகையின் கூழாங்கற்களில் முட்டையிடும் பறவைகளின் இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. விதையைப் பறித்து எங்கேயும் போட்டுவிடாமல் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நட்சத்திரங்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2012இல் அந்தப் பகுதியை இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள். ஆனால் கிறிஸ்துமஸ் சமயத்தில் அங்கே சூரியன் மறையவே இரவு ஒன்பதரை ஆகிவிடும். வானம் முழுதாகக் கறுக்க நள்ளிரவை நெருங்கிவிடும். குழந்தைகள் தூங்கிவிடுவார்கள். இரண்டாவது இரவு இருந்தால், மறுநாள் காலை கிளம்பும் அவசரம் இல்லாமல் பெரியவர்களாவது வெளியே வந்து பார்க்கலாம்.

நடுவில் உள்ள பகலை மவுண்ட் குக்குக்குக் கொடுங்கள். புகாக்கி ஏரிக்கரையை ஒட்டியே 55 கிலோமீட்டர் சாலை, எதிரே மலை வளர்ந்துகொண்டே வரும். உயரம் 3,724 மீட்டர். மாவோரிப் பெயர் அவுராக்கி. வானத் தந்தையின் மகனான அவுராக்கி தம்பிகளோடு ஓடத்தில் வந்தான், ஓடம் கவிழ்ந்து தீவானது, மேலேறி நின்ற அண்ணன் தம்பிகள் உறைந்து மலைகளானார்கள் என்பது அங்குள்ள ஙாய் டாஹு மக்களின் கதை. மகளுக்குக் காரிலேயே சொல்லுங்கள்.

உங்கள் பயணத்துக்குப் பொருத்தமான இன்னொரு கதையும் இருக்கிறது. அந்தச் சிகரத்தில் மனிதர் முதன்முதலாக ஏறியது ஒரு கிறிஸ்துமஸ் நாளில், 1894 டிசம்பர் 25. ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற வெளிநாட்டு மலையேறி, சுர்ப்ரிகென் என்ற பேர்பெற்ற ஆல்ப்ஸ் வழிகாட்டியை அழைத்துக்கொண்டு வருகிறார் என்று செய்தி வந்தது. நம் மலையில் நாம்தான் முதலில் ஏற வேண்டும் என்று டாம் ஃபைஃப், ஜார்ஜ் கிரகாம், ஜாக் கிளார்க் என்ற மூன்று உள்ளூர்க்காரர்கள் கிளம்பி ஏறிவிட்டார்கள். கிளார்க்குக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி பின்னாளில் 1948இல் இதே மலையின் தெற்கு முகட்டு வழியாக, அந்தப் பக்கத்தில் முதன்முதலாக ஏறியவர்களில் ஒருவர். நீங்கள் ஏற வேண்டாம். கியா பாயிண்ட் நடைபாதை போக வர ஒரு மணி நேரம்தான், மாமியாரும் மெல்ல வரலாம். வெயில் இதமாகத் தெரிந்தாலும் தோலைச் சுட்டுவிடும். அங்கே புற ஊதாக் கதிர் கடுமை. தொப்பியும் சன்ஸ்கிரீனும் எல்லோருக்கும்.

24ஆம் தேதி லிண்டிஸ் கணவாய் வழியாகக் குவீன்ஸ்டவுன். வழியில் க்ராம்வெல் பக்கம் பழத்தோட்டங்கள். செர்ரி அந்த நேரத்தில்தான் வரும், சாலையோரக் கடைகளிலேயே கிடைக்கும். அன்றே மளிகை வாங்கிவிடுங்கள், இதை மறந்துவிடாதீர்கள். கிறிஸ்துமஸ் அன்று அங்கே பெரும்பாலான கடைகளைத் திறக்கவே கூடாது என்பது சட்டம். பெட்ரோல் பங்கும் சில உணவகங்களும் திறந்திருக்கலாம். உணவகத்தில் விடுமுறை நாள் கட்டணம் என்று தனியாகச் சேர்ப்பார்கள், சைவம் கிடைப்பது சந்தேகம். பால், தயிர், அரிசி, காய், ரொட்டி எல்லாம் கையில் இருக்கட்டும்.

சமையலறை உள்ள மோட்டலோ ஹாலிடே பார்க் கேபினோ எடுங்கள். ஹாலிடே பார்க்கின் பொதுச் சமையலறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் போனபோது கிறிஸ்துமஸ் காலையில் அம்மா ஒரு அடுப்பில் எலுமிச்சை சாதத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். பக்கத்து மேடையில் ஒரு பாட்டி பாவ்லோவா செய்துகொண்டிருந்தார். முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் அடித்துச் சுட்ட இனிப்பு, மேலே க்ரீமும் ஸ்ட்ராபெரியும். கடுகு வெடித்த சத்தத்தில் அவர் திரும்பிப் பார்த்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் இரண்டு வார்த்தை. ஆனாலும் அரை மணியில் எங்கள் தட்டில் அவருடைய இனிப்பும் அவர்கள் தட்டில் எங்கள் சாதமும் இருந்தன. அங்கே கிறிஸ்துமஸ் கோடைக்காலப் பண்டிகை. வெளியே மேசை போட்டு, அடுப்பு மூட்டி, குழந்தைகள் ஏரியில் குதித்துக்கொண்டிருப்பார்கள். அன்று காரை எடுக்காதீர்கள். அந்த ஒரு நாளாவது உங்கள் வீட்டுக்காரர் சாவியைத் தேட வேண்டாம்.

26ஆம் தேதி டெ ஆனாவ். மறுநாள் மில்ஃபோர்டுக்கு உங்கள் காரில் போகாதீர்கள், அங்கிருந்து பேருந்தில் போங்கள். படகுச் சீட்டோடு சேர்த்தே பதிவு செய்யலாம். டெ ஆனாவைத் தாண்டினால் போன் சிக்னலை நம்ப முடியாது, வழியில் பெட்ரோல் கிடையாது, மலைச்சாலை. ஹோமர் சுரங்கப்பாதையை 1935இல் தோண்டத் தொடங்கி 1954இல்தான் போக்குவரத்துக்குத் திறந்தார்கள். சுமார் 1.2 கிலோமீட்டர் நீளம். மில்ஃபோர்டு பக்கம் சரிவாக இறங்கும். அதன் வாசலில் சிக்னலுக்குக் காத்திருக்கும்போது உங்கள் மகள் கேட்ட கியா கிளி வரலாம். பாசிப்பச்சை நிறம், இறக்கையை விரித்தால் உள்ளே ஆரஞ்சுச் சிவப்பு. காரின் ரப்பரைக் கொத்திப் பிய்க்கும். தின்னக் கொடுக்காதீர்கள், மனிதச் சாப்பாடு அதைக் கெடுக்கிறது.

மில்ஃபோர்டில் ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. சென்னையில் 1,400 சொச்சம். ஆகவே மழை பெய்தால் முகம் சுளிக்காதீர்கள், அன்றுதான் அந்த இடம் அழகு. நாங்கள் போன அன்று நல்ல மழை. சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் மலைச்சுவர் முழுக்க வெள்ளை வெள்ளையாக அருவிகள், எண்ண முடியாது. பின் இருக்கையில் எல்லோரும் கத்தினோம். காரை ஓட்டிய என் தம்பி கொண்டைஊசி வளைவில் பிரேக்கின்மேல் காலை வைத்துக்கொண்டு கண்ணாடித் துடைப்பானுக்கு நடுவே சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான். இரவு அம்மா படங்களைக் காட்டியபோது, “இது எங்கே?” என்று கேட்டான். உங்கள் வீட்டில் யாரும் அப்படிக் கேட்கும்படி ஆகக் கூடாது.

படகுத்துறையில் சாண்ட்ஃப்ளை என்ற சின்னக் கரும்பூச்சி மொய்க்கும். கடித்தால் நாள்கணக்கில் அரிக்கும். பூச்சிக்களிம்பு வாங்கிக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் கொண்டுபோகும் சாப்பாட்டுப் பொருள் அத்தனையையும் படிவத்தில் எழுதிவிடுங்கள். எழுதினால் அதிகபட்சம் பொருளை எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் 400 டாலர் அபராதம். தேன், பழம், பச்சைக் கறிவேப்பிலை வேண்டவே வேண்டாம். ஏழு வயது நிறையாத சின்னவனுக்குக் குழந்தை இருக்கை கட்டாயம். காரோடு சேர்த்துக் கேளுங்கள்.

விடுதிகளை இப்போதே பதிவு செய்யுங்கள். 26க்குப் பிறகு அந்த நாட்டுக்காரர்களே குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிடுவார்கள், டெ ஆனாவில் இடம் கிடைப்பது கஷ்டம். அதை முதலில் முடியுங்கள், டெகாப்போவை அடுத்து.

கடைசியாக ஒன்று. உங்களுக்கும் லைசென்ஸ் இருக்கிறது, கோவையில் தினமும் ஓட்டுகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அங்கேயும் நம்மைப் போல இடப்பக்கம்தான். வாடகைக் கார் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக். ஆங்கிலத்தில் இருக்கும் நம் லைசென்ஸே செல்லும். சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் (ஐடிபி) கையில் இருந்தால் நல்லது. டெகாப்போவிலிருந்து புகாக்கி வரை சாலை நீளமாக, நேராக, பெரும்பாலும் காலியாக இருக்கும். அந்தப் பகுதியை நீங்கள் ஓட்டுங்கள். கார் பதிவு செய்யும்போது இரண்டாவது ஓட்டுநர் என்ற இடத்தில் உங்கள் பெயரையும் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்.