விழித்திரையைக் காக்கும் ஒளி

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

1945 ஜூலை 10 அன்று சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்த மருத்துவ மாணவர் ஒருவரின் விழித்திரையில் சுட்ட தழும்பு இருப்பதை, ஜெர்மனியைச் சேர்ந்த மேயர் ஷ்விக்கராத் என்ற கண் மருத்துவர் கண்டார். வேண்டிய இடத்தில் மட்டும் இவ்வாறு சுட்டால் நோய் தீருமே என்று எண்ணினார். 1949-இல் சூரிய ஒளியையே கண்ணாடிகளால் திருப்பிச் சிகிச்சை செய்தார். பின்னர் செனான் விளக்கும், 1960-இல் மைமன் லேசரை உருவாக்கியபின் லேசரும் இப்பணிக்கு வந்தன.

நோய் விளைவது எப்படி?

சர்க்கரை நோய் பல்லாண்டு நீடித்தால் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நலிகின்றன. சில கசிகின்றன; சில அடைபடுகின்றன. பிராணவாயு கிடைக்காத பகுதி ஒருவகைப் புரதத்தைச் சுரக்க, அதனால் புதிய குழாய்கள் முளைக்கின்றன. அவை மெல்லியவை. எளிதில் உடைந்து, கண்ணுள் நிறைந்துள்ள கூழில் இரத்தம் பரவும். தழும்பு ஏற்பட்டு விழித்திரையையே பெயர்த்துவிடும்.

லேசரும் அறுவையும்

ஆர்கான் லேசரின் 514 நானோமீட்டர்ப் பச்சை ஒளியும், இன்று பரவலாக உள்ள 532 நானோமீட்டர் ஒளியும் கண்ணின் தெளிந்த பகுதிகளை ஊடுருவி, விழித்திரையின் பின்னுள்ள மெலனின் நிறமியால் உட்கவரப்பட்டு வெப்பமாகின்றன. ஓரப்பகுதிகளில் பொதுவாக 1200 முதல் 1600 புள்ளிகள் சுடப்படும். அங்குள்ள ஒளியுணர் செல்கள் அழிவதால் பிராணவாயுத் தேவை குறைந்து, புதிய குழாய்கள் சுருங்குகின்றன. ஓரப் பார்வையும் இரவுப் பார்வையும் சற்றுக் குறையலாம். அதுவே நடுப்பார்வைக்கு நாம் தரும் விலை. கடும் பார்வையிழப்பு இதனால் பாதிக்கு மேல் குறைவதை அமெரிக்க ஆய்வொன்று 1976-இல் அறிவித்தது.

இரத்தம் நிறைந்து ஒளி புக முடியாத கண்ணில் லேசர் பயன்படாது. அங்கே அறுவையே வழி. வெண்விழியில் சிறு துளையிட்டுக் கூழை வெட்டி உறிஞ்சி, உப்புநீர் நிரப்பும் முறையை 1970-இல் மியாமியில் ராபர்ட் மாக்கெமர் தொடங்கினார். மேற்சொன்ன புரதத்தைத் தடுக்கும் ஊசி மருந்தும் இன்று உண்டு.

நாம் செய்ய வேண்டியது

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோயுள்ள என் தந்தை, "கண்ணு நல்லாத்தானே தெரியுது, டாக்டரு எதுக்கு?" என்பார். லேசர் இருக்கும் பார்வையைக் காக்கும். போன பார்வையை மீட்பது அரிது. வலியின்றி, பார்வையும் மங்காமல் நோய் முற்றக்கூடும் என்பதே அவருக்கு நான் சொல்லும் விடை. ஆண்டுக்கொருமுறை சொட்டு மருந்திட்டு விழித்திரையைச் சோதிக்க வேண்டும். நண்பர்களே, நம் வீட்டுப் பெரியவர்களை அழைத்துச் செல்ல வேண்டியவர்கள் நாமே.