வழியில் வந்து பேசுகிறவர்கள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பாங்காக்குக்கு டிக்கெட் போட்டுவிட்டாய் என்று உங்கம்மா போனில் சொன்னாள். சொன்னாள் என்ன, புலம்பினாள். முதுகில் ஒரு பை, துணைக்கு ஆளில்லை, பாங்காக், பட்டாயா, புக்கெட், பிறகு வடக்கே சியாங் மாய். போய்வரட்டும் விடு என்றேன். தாய்லாந்து பயந்து நடுங்க வேண்டிய ஊரில்லை. ராத்திரி தெருவோரக் கடையில் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு நடந்தே விடுதிக்குத் திரும்பலாம். உன் பணத்தின் மேல் கண் வைக்கிறவன் கத்தியோடு வருவது அங்கே அபூர்வம். சிரித்துக்கொண்டே வருவான். அவனைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அரண்மனையில் ஆரம்பிக்கிறேன், நீயும் முதலில் அங்கேதான் போவாய். கிராண்ட் பேலஸ் தினமும் காலை 8.30-க்குத் திறக்கும், மாலை 3.30 வரை டிக்கெட் கொடுப்பார்கள். வெள்ளை மதிலை ஒட்டி வாசலைத் தேடி நடந்துகொண்டிருப்பாய். இஸ்திரி போட்ட சட்டையும் நல்ல ஆங்கிலமுமாக ஒருவர் எதிர்ப்படுவார். "இந்தியாவா? அடடா, இன்றைக்குப் பௌத்த விசேஷம், மத்தியானத்துக்கு மேல்தான் வெளியாட்களை விடுவார்கள்" என்பார். உன் முகம் வாடியதும் வரைபடத்தில் நாலு கோயில்களை வட்டம் போட்டுக் கொடுப்பார். போகிற டுக்டுக்கை நிறுத்தி, "அரசாங்க வண்டி, 20 பாட் போதும்" என்று ஏற்றியும் விடுவார். தனக்கென்று ஒரு காசு கேட்கமாட்டார். மதிலோரம் நின்று இதைப் பலமுறை வேடிக்கை பார்த்திருக்கிறேன். என்ன ஒரு பக்குவம்!

வட்டம் போட்ட கோயில்களில் வாட் இந்தரவிகான் இருக்கக்கூடும். 32 மீட்டர் உயரத்தில் நின்ற கோலத்தில் புத்தர். நீ தனியாகவே போய்ப் பார்க்க வேண்டிய இடம், கோயில் மேல் எந்தக் குற்றமும் இல்லை. அங்கோ அடுத்த சின்னக் கோயிலிலோ ஒருவர் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். மெல்லப் பேச்சுக் கொடுப்பார். பேச்சு எங்கெங்கோ சுற்றி நீலக்கல்லுக்கு வரும். வருடத்தில் ஒரு வாரம் வரியில்லாமல் விற்கிறார்கள், இன்றைக்குக் கடைசி நாள், தானே வாங்கி வெளிநாட்டில் நல்ல லாபத்துக்கு விற்றதாகச் சொல்வார். வெளியே வந்தால் டுக்டுக்காரர், "ஒரு கடையில் பத்து நிமிஷம் எட்டிப் பாருங்கள், எனக்குப் பெட்ரோல் கூப்பன் கிடைக்கும்" என்று கெஞ்சுவார்.

கடையில் ஏசி, குடிக்க ஜில்லென்று ஏதாவது, சுவரில் சான்றிதழ்கள். கல் பல சமயம் நிஜக் கல்தான். தரம் மட்டம், விலை பல மடங்கு. டப்பாவில் போட்டு ஒட்டி, முத்திரையைப் பிரித்தால் உத்தரவாதம் போய்விடும் என்பார்கள். கையில் எடுத்துப் போகாதீர்கள், தபாலில் உங்கள் ஊருக்கே அனுப்பிவிடுகிறோம் என்பார்கள். மறுநாள் நீ கல்லோடு திரும்பி வந்து சண்டை போடக் கூடாதே, அதற்குத்தான் அந்த அக்கறை. சிலரைக் கார்டோடு நகைக்கடைக்குக் கூட்டிப்போய்த் தங்கம் வாங்கவைத்து, அந்தத் தங்கத்தையே கல்லுக்கு விலையாக எடுத்துக்கொள்வதும் உண்டு. அப்புறம் வங்கியில் புகார் கொடுத்தால், நகைக்கடை ரசீது பரிசுத்தமாக இருக்கும்.

தேருக்கு வடம் பிடிப்பது போல ஆளுக்கொரு கை கொடுக்கிறார்கள். இதில் ஏமாறுகிறவர்கள் விவரமில்லாதவர்கள் என்று நினைக்காதே. ஒருவன் சொன்னால் நம்பாத படித்த மனுஷன், ஒருவரையொருவர் அறியாத மூன்று பேர் ஒரே விஷயத்தைச் சொன்னால் சரிபார்த்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறான். மூவருமே தன்னைத் தேடி வந்தவர்கள் என்பது மட்டும் அவன் கண்ணில் படுவதில்லை.

அதற்காக யாரோடும் பேசாதே என்று சொல்லவில்லை. பேசாமல் திரும்பி வருவதற்கு எதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டும்? பேசு, ஆனால் ஆளை நீ தேர்ந்தெடு. பழம் வெட்டி விற்கிற அம்மா, பஸ்ஸுக்கு நிற்கிற கல்லூரிப் பெண், எதிர்க்கடைக்காரர் என்று நீயாகப் போய்க் கேட்கிற ஆள் கூட்டாளியாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அரண்மனை மூடியிருக்கிறதா என்பதை வாசல் காவலரிடம் போய்க் கேள். அரச சடங்குகளுக்காக மூடுகிற நாளும் உண்டுதான், அதை அவர் சொல்வார். தேடி வந்தவரிடம் சிரித்து, கை கூப்பி, நிற்காமல் நடந்துகொண்டே இரு. மரியாதைக்காக நின்று பதில் சொல்கிற நம்முடைய பழக்கம்தான் அவர்களுக்கு மூலதனம்.

இன்னொன்று, நம் ஆட்கள் என்பதற்காக இளகிவிடாதே. தலைப்பாகை கட்டிய ஒருவர் பாங்காக்கின் சுகும்வித் சாலைப் பக்கம் உன்னை நிறுத்தி, "உனக்கு அதிர்ஷ்ட முகம்" என்று தொடங்கி, உனக்குப் பிடித்த பூவைத் துண்டுக் காகிதத்தில் முன்கூட்டியே எழுதி வைத்திருப்பதாகக் காட்டுவார். போகப்போகத் தட்சிணை ஏறும். அவர் சில்லறை. பெரிய ஆபத்து, "தம்பிக்கு எந்த ஊர்?" என்று தமிழிலேயே கேட்டு, கம்ப்யூட்டரில் சுலபமான வேலை, டாலரில் சம்பளம் என்கிற ஆள். 2022-இல் தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டுப் பையன்களை மே சோட் எல்லைப் பக்கம் கொண்டுபோய், மோயி ஆற்றைத் தாண்டி மியான்மரின் மியாவாடியில் ஆன்லைன் மோசடிக் கூடங்களில் அடைத்தார்கள். அந்த அக்டோபரில் 13 பேர் மீண்டு சென்னை வந்து சேர்ந்தார்கள். 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்களே மே சோட்டுக்குப் போய் 500-க்கும் மேற்பட்ட இந்தியர்களைக் கூட்டி வந்தன. சுற்றுலா போன இடத்தில் வேலை பற்றி யார் பேசினாலும் அந்தப் பேச்சு அங்கேயே முடிய வேண்டும்.

இனி மிரட்டல். பட்டாயாவிலும் புக்கெட்டிலும் கடற்கரை ஜெட் ஸ்கீ பிரசித்தம். அரை மணி நேரம் ஓட்டிவிட்டுக் கரைக்கு வருவாய். வண்டிக்காரன் அடிப்பாகத்தில் ஒரு கீறலைக் காட்டி, நீதான் இடித்தாய், 50,000 பாட் எடு என்பான். கீறல் உனக்கு முன்பே அங்கே இருந்திருக்கும். இரண்டு நிமிஷத்தில் நாலைந்து பேர் சுற்றி நிற்பார்கள், குரல் உயரும். போலீஸைக் கூப்பிடுவேன் என்பான். ஏடிஎம்முக்குக் கூட்டிப்போக ஸ்கூட்டரும் தயாராக இருக்கும். என்னைக் கேட்டால் அந்த வண்டியில் ஏறவே வேண்டாம். ஏறித்தான் தீருவேன் என்றால், தண்ணீரில் இறக்குமுன் அடிப்பாகம் உட்பட நாலு பக்கமும் அவன் கண் முன்னாலேயே வீடியோ எடு. வீடியோ எடுப்பதற்கு முகம் சுளிக்கிறவனிடம் வண்டி எடுக்காதே.

மாட்டிக்கொண்டால்? அவன் தேர்ந்தெடுத்த இடத்தில், அவன் வைத்த நேரக் கெடுவுக்குள் எதையும் முடிக்காதே. கத்தாதே, தாய்லாந்தில் நாலு பேர் முன்னால் குரலை உயர்த்தினால் எதிராளிக்கு மானப் பிரச்சினை ஆகிவிடும், பிறகு அவனே நினைத்தாலும் இறங்கி வர முடியாது. ஸ்கூட்டரில் ஏறாதே. மணலிலேயே உட்கார்ந்துகொள். "சரி, போலீஸ் வரட்டும்" என்று சொல்லி 1155-ஐ நீயே அழை. அது சுற்றுலாப் போலீஸ், 24 மணி நேரமும் ஆங்கிலம் பேசுகிறவர்கள் எடுப்பார்கள். அவனுக்கு அடுத்த வாடிக்கையாளர் காத்திருக்கிறான். நீ விடுமுறையில் இருக்கிறாய். வருகிற அதிகாரி நியாயத்தை முழுசாக உன் பக்கம் தராமல், ஏதாவது கொடுத்து முடித்துக்கொள் என்று சொல்லவும் கூடும். அப்போதும் தொகை பாதாளத்துக்கு இறங்கியிருக்கும்.

பாங்காக்கின் பாட்பாங் பகுதியில் மாடி பார்கள் உண்டு. கீழே நிற்கிறவன் அட்டையைக் காட்டி "நுழைவு இலவசம், பீர் 100 பாட்" என்பான். மேலே பில் ஆயிரக்கணக்கில் வரும், கதவை மறித்து ஆள் நிற்பான். உன் வயசுப் பிள்ளையிடம் போகாதே என்றால் போகத்தான் தோன்றும், ஆகவே இப்படிச் சொல்கிறேன்: வீதியிலிருந்து உள்ளே தெரியாத எந்த இடத்துக்கும் ஏறாதே. மூடிய அறையில் வீரம் காட்டவும் வேண்டாம். சட்டைப் பையில் தனியாகக் கொஞ்சம் பணம் வைத்திரு, அதைக் கொடுத்துவிட்டு வெளியே வா. மணிக்கட்டு முறிந்தால் செலவு அதைவிட அதிகம். தெருவுக்கு வந்த பிறகு புகார் கொடு. கார்டு உரசியிருந்தால் அப்போதே போனில் முடக்கு.

சீருடைக்காரர் தெருவில் நிறுத்தி அபராதம் கேட்டால், நிலையத்துக்கு வந்து ரசீதோடு கட்டுகிறேன் என்று பணிவாகச் சொல். போலி ஆள் அங்கேயே நழுவிவிடுவான். ஆனால் நிஜமான தப்பு உன் பக்கம் இல்லாமல் பார்த்துக்கொள். மின் சிகரெட் அந்த நாட்டில் சட்டவிரோதம், நண்பன் கொடுத்தாலும் பையில் வைக்காதே.

பாஸ்போர்ட்டை ஸ்கூட்டர் கடையில் அடகு வைக்காதே. வாடகை விடுகிறவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். கொடுத்துவிட்டால், வண்டியில் எந்தக் கீறலுக்கு என்ன விலை சொன்னாலும் கட்டித்தான் ஆக வேண்டும். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து என்று அதிலேயே அச்சிட்டிருக்கிறது, காட்டு. நகலும் ரொக்க முன்பணமும் வாங்கிக்கொள்கிற கடை அடுத்த தெருவில் இருக்கும். பாஸ்போர்ட் தொலைந்தே போனால் போலீஸில் எழுதி வாங்கிக்கொண்டு சுகும்வித் சோய் 23-இல் உள்ள நம் தூதரகத்துக்குப் போ. அந்த முகவரியையும் 1155-ஐயும் போனில் மட்டும் வைக்காமல் ஒரு தாளிலும் எழுதிப் பையில் போடு.

ஸ்கூட்டர் ஓட்டுகிற எண்ணம் இருந்தால், புறப்படுமுன் நம்மூர் ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவிடு. இரு சக்கர வண்டிக்கும் அதில் முத்திரை விழுந்திருக்கிறதா என்று கவுண்டரிலேயே பிரித்துப் பார். அது இல்லாமல் விழுந்து அடிபட்டால் பயணக் காப்பீட்டுக்காரன் கையை விரித்துவிடுவான். வாங்கியதும் எனக்குப் படம் எடுத்து அனுப்பு. உங்கம்மாவிடம் ஸ்கூட்டர் விஷயத்தை நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா