டயட்டீஷியன் ஆகணுமா? பணம் கட்டும் முன் இதைப் படிங்க!

போனைத் திறந்தாலே 'மூன்றே மாதத்தில் டயட்டீஷியன் ஆகலாம்' என்று விளம்பரம் வருகிறதா? கொஞ்சம் பொறுங்க! அந்தச் சான்றிதழை மட்டும் வைத்து, இந்திய டயட்டெடிக் சங்கம் நடத்தும் 'ஆர்.டி.' எனும் பதிவுபெற்ற உணவியல் நிபுணர் தேர்வை எழுத முடியாது.

சரியான வழி இதோ:

1. ஊட்டச்சத்து அல்லது மனையியல் பாடத்தில் 3 ஆண்டு பி.எஸ்சி.
2. அதே துறையில் எம்.எஸ்சி. அல்லது உணவியலில் முதுநிலை டிப்ளமோ.
3. மருத்துவமனையில் 6 மாத இன்டர்ன்ஷிப்.
4. ஆர்.டி. தேர்வு.

இன்டர்ன்ஷிப் எதற்கு? 'இளநீர் உடம்புக்கு நல்லதுதானே' என்போம். ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் பழுதானவருக்கு அது இதயத்துடிப்பையே பாதிக்கலாம். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து, ஒவ்வொரு நோயாளிக்கும் தகுந்த உணவைத் திட்டமிடுவதை வார்டில் நின்றுதான் பழக முடியும்.

சேரும் முன் கல்லூரியில் இரண்டே கேள்வி கேளுங்க: 'இதை முடித்தால் ஆர்.டி. தேர்வு எழுதலாமா? இன்டர்ன்ஷிப் எந்த மருத்துவமனையில்?' பதிலை எழுத்தில் வாங்கிக்கோங்க. அப்புறம் பணம் கட்டுங்க.