ரேகை பதியாத விரல்கள்

மேகமலைக்குக் கிழக்கே வருசநாட்டு மலைகள் தொடர்கின்றன. அம்மலைகளைக் கடந்தால் மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரை அடையலாம். உயிரா, மானமா என்னும் வினாவுக்கு 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் அவ்வூர் மக்கள் விடையளித்தனர்.

ஆங்கிலேய அரசு 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. 1911ஆம் ஆண்டு அது சென்னை மாகாணத்திற்கும் விரிவுபடுத்தப்பட்டது. மதுரைப் பகுதியிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் வாழ்ந்த பிரமலைக் கள்ளர் சமூகத்தினர் அதன் பிடியில் சிக்கினர். ஒருவர் செய்த குற்றத்திற்குத் தண்டனை தருவது சட்டத்தின் இயல்பு. இச்சட்டமோ பிறப்பையே குற்றமாக்கியது. ஆடவர் தம் கைரேகையைப் பதிய வேண்டும். இரவில் காவலர் கண்காணிப்பில் உறங்க வேண்டும். வெளியூர் செல்ல அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும்.

பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை பதிக்க மறுத்தனர். ஆயுதம் தாங்கிய காவலர் ஊருக்குள் வந்தனர். விரலை மையில் தோய்த்துத் தாளில் ஒற்றியிருந்தால் அவர்கள் உயிர் பிழைத்திருப்பர். ஆயின், அம்மைத்தடம் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும். பிறவாத பிள்ளைகளையும் குற்றவாளிகள் ஆக்குவதாகும். ஆகவே அவர்கள் இணங்கவில்லை. துப்பாக்கிகள் வெடித்தன. மாயக்காள் என்னும் பெண் உட்பட 16 பேர் உயிர் துறந்தனர்.

அறமற்ற சட்டத்தின்முன் உயிரைப் பெரிதெனக் கருதாதோர் பிற நாடுகளிலும் வாழ்ந்துள்ளனர். அமெரிக்காவில் அடிமைமுறைக்கு எதிராக ஆயுதம் ஏந்திய ஜான் பிரவுனுக்கு 1859இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. அடிமைகளுக்காகத் தாம் செய்தது தவறன்று, சரியே என்று அவர் நீதிமன்றத்தில் உரைத்தார். சிறையிலிருந்து தம்மைத் தப்புவிக்க நினைத்தோரையும் தடுத்துவிட்டார். டிசம்பர் 2 அன்று தூக்கிலிடப்பட்டார். ஆறே ஆண்டுகளில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது. பெருங்காமநல்லூராரின் வழி வேறு. எனினும், பொய்யான ஒரு பழியை ஏற்று வாழ்வதினும் இறப்பதே மேல் என்னும் உறுதி இருவர்க்கும் பொது.

கைரேகைச் சட்டத்தால் துன்புற்றோருக்காக வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் வாதாடினார். மக்கள் அவரை 'ரோசாப்பூ துரை' என அன்புடன் அழைத்தனர். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் முதலிய தலைவர்கள் அச்சட்டத்தை எதிர்த்துப் போராடினர். 1947இல் சென்னை மாகாண அரசு அதனை நீக்கியது. சட்டம் நீங்க 27 ஆண்டுகள் ஆயின. அது அறத்திற்கு மாறானது என்பதைப் படிப்பறிவில்லாத எளிய உழவர்கள் தம் உயிரைக் கொடுத்து முன்னரே மெய்ப்பித்திருந்தனர். சட்டம் சொல்வதனைத்தும் நீதியாகிவிடாது; நீதியைச் சட்டமாக்க ஒருவரேனும் மறுத்து நிற்க வேண்டியுள்ளது.