ஒத்திகையற்ற மேடையும் வாத்தியார் மரபும்: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டார இசை நாடகங்களை முன்வைத்து நடிகர் பயிற்சிக் கல்வி

ஆய்வுச் சுருக்கம்

நடிகரைப் பயிற்றுவிப்போர்க்கான முதுநிலைக் கல்வி உலகின் சில பல்கலைக்கழகங்களில் தனித்துறையாக வளர்ந்துள்ளது. தமிழ் இசை நாடக மரபில் இப்பணியை நெடுங்காலமாகச் செய்து வந்தவர் வாத்தியார் ஆவார். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கோயில் விழாக்களில் நிகழும் ஸ்பெஷல் நாடகங்களின் செயல்முறையை அடிப்படையாகக் கொண்டு, வாத்தியார் மரபின் பயிற்றுமுறையையும் பல்கலைக்கழக நடிகர் பயிற்சியில் அதற்குரிய இடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இசை நாடகம், ஸ்பெஷல் நாடகம், வாத்தியார், தர்க்கம், மகரக்கட்டு, நடிகர் பயிற்சி.

முன்னுரை

எல்சி போகர்ட்டி 1906இல் இலண்டனில் தொடங்கிய பேச்சு, நாடகப் பள்ளி இன்று இலண்டன் பல்கலைக்கழகத்தின் உறுப்பாகத் திகழ்கிறது. அங்கு நடிகர்களைப் பயிற்றுவித்தல் என்பதே முதுகலைப் பாடமாக அமைந்துள்ளது. நடிக்கத் தெரிந்தவர் எல்லாரும் நடிப்பைக் கற்பிக்க வல்லவர் அல்லர் என்னும் தெளிவே இத்தகைய படிப்பின் அடிப்படை எனலாம். இத்தெளிவு தமிழுக்குப் புதியதன்று. சிலப்பதிகார அரங்கேற்று காதை, மாதவி ஐந்தாம் வயதில் தொடங்கிப் பெற்ற ஏழாண்டுப் பயிற்சியைச் சுருங்கச் சொல்லி, ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோர்க்கு வேண்டும் தகுதிகளை விரித்துரைக்கிறது. மாணவியின் அரங்கேற்றத்திற்கு முன்பே ஆசிரியரின் தகுதி பேசப்படுவது கருதத்தக்கது.

பிற்காலத்தில் பரிதிமாற் கலைஞரின் நாடகவியலும் (1897), விபுலானந்தரின் மதங்க சூளாமணியும் (1926) நாடக இலக்கணத்தை வகுத்தன. பம்மல் சம்பந்த முதலியார் நடிப்பில் தேர்ச்சி பெறுதல் பற்றித் தனி நூலே எழுதினார். ஆயினும் இவை பெரும்பாலும் நடிகனையும் நாடகத்தையும் நோக்கி எழுந்தவை. பயிற்றுவிப்பவனை நோக்கி எழுந்த நூல் அரிது. அவ்வறிவு ஏட்டில் அன்றி வாத்தியாரின் குரலில் இருந்தமையே காரணம் எனக் கருத இடமுண்டு.

வட்டாரமும் நாடகக் காலமும்

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் விருதுநகர் மாவட்டத்தின் வானம் பார்த்த பூமியைச் சேர்ந்த வட்டங்கள். பருத்தியும் சோளமும் கம்பும் மல்லியும் வடகிழக்குப் பருவமழையை நம்பி விளைபவை. குண்டாற்றில் நீர் ஓடும் நாள்கள் சிலவே. தை, மாசியில் வெள்ளாமை வீடு சேர்ந்தபின், பங்குனிப் பொங்கல் தொடங்கி ஆடி வரையில் ஊர்தோறும் அம்மன், அய்யனார், கருப்பசாமி கோயில்களில் விழா நிகழும். நாடகம் அவ்விழாவின் நேர்த்திகளுள் ஒன்று. ஊர்ப்பொதுவில் தலைக்கட்டு வரி பிரித்தோ, தனியொருவர் வேண்டுதலாகவோ நாடகம் வைக்கப்படும். மழை பொய்த்த ஆண்டில் நாடகமும் குறையும். நடிகரின் வருவாயும் அவ்வாறே குறையும். மானாவாரி உழவனும் மேடை நடிகனும் ஒரே வானத்தைப் பார்த்திருப்பவர்கள் என்பது இவ்வட்டாரத்தைப் பொறுத்தவரை அணியன்று, கணக்கு.

ஒத்திகை இல்லாத நாடகம்

ஸ்பெஷல் நாடகத்தின் தனித்தன்மை, அதற்குக் குழுவும் ஒத்திகையும் இல்லாமையே ஆகும். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் மற்றோர் ஊரிலிருந்தும் பபூனும் டான்ஸும் வேறிடங்களிலிருந்தும் வருவர். மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி, மணப்பாறை முதலிய ஊர்களின் நடிகர் சங்கங்கள் வழியாகவோ அமைப்பாளர் வழியாகவோ ஒவ்வொருவரும் தனித்தனியே பேசப்படுவர். அன்றிரவு ஒப்பனைக் கொட்டகையில்தான் பலர் ஒருவரையொருவர் காண்பர். இரவு பத்து மணியளவில் தொடங்கும் நாடகம் விடியும் வரை தடையின்றி நிகழும்.

இது எங்ஙனம் இயலுகிறது? சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இயற்றிய வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் முதலிய பனுவல்கள் எல்லா நடிகர்க்கும் பொதுவாக மனப்பாடமாகி இருப்பதே முதற்காரணம். அச்சிட்ட மலிவுப் பதிப்புகள் உள்ளனவாயினும் நடிகர் கற்பது நோட்டுப் புத்தகத்திலும் செவியிலுமே. ஆனால் மனப்பாடம் மட்டும் போதாது. வள்ளி திருமணத்தில் தினைப்புனத்திற்கு வரும் நாரதர்க்கும் வள்ளிக்கும் நிகழும் தர்க்கத்தை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். அங்கு அடுத்த வினா எது என்பது மறுமுனையில் நிற்பவர்க்குத் தெரியாது. நாரதராக வருபவர் புராணத்திலிருந்தும் இலக்கணத்திலிருந்தும் அன்றாட நடப்பிலிருந்தும் வினாக்களைத் தொடுப்பார். வள்ளி விடையிறுத்து, எதிர்வினாவும் எழுப்ப வேண்டும். தோற்றால் ஊர் சிரிக்கும். அடுத்த ஆண்டு அழைப்பு வராது. ஆகவே வாத்தியார் கற்பிப்பது வசனத்தை மட்டுமன்று. வினாவை எதிர்கொள்ளும் முறை, விடை தோன்றாதவிடத்துப் பாட்டெடுத்துக் காலம் கொள்ளும் முறை, எதிராளியை அவமதிக்காது மடக்கும் முறை ஆகியனவும் அப்பயிற்சியில் அடங்கும்.

மற்றொன்று சுருதி. ஒவ்வொரு நடிகரும் தமக்குரிய கட்டையில் பாடுவர். ஆர்மோனியக் கலைஞர் அதனை நொடியில் அறிந்து மாற்ற வேண்டும். புதிய நடிகர் அடியெடுக்கத் தடுமாறினால் பின்பாட்டால் தாங்குபவரும், தாளம் தப்பினால் மிருதங்கக்காரருக்குக் கண் காட்டுபவரும் அவரே. மேடையின் ஓரத்தில் அமர்ந்து, நாடகம் நிகழும்போதே பயிற்றுவிக்கும் ஆசிரியர் என அவரைக் கொள்ளலாம். ஒலிபெருக்கி பரவுவதற்கு முன் எஸ். ஜி. கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் போன்றோர் உச்சக் கட்டையில் பாடித் திரளான அவையைக் கட்டினர். இன்று ஒலிவாங்கி அந்தத் தேவையைக் குறைத்துள்ளது. எனினும் விடியும் வரை குரல் தாங்குவதற்கான பயிற்சி இன்றும் வேண்டப்படுகிறது. மேலை நாடகப் பள்ளிகள் குரல் பயிற்சிக்கெனத் தனி ஆசிரியரை வைத்துக் கற்பிப்பதை வியக்கும் ஆய்வாளர்கள், ஆர்மோனியப் பெட்டிக்குப் பின்னால் இருப்பவரைக் கவனித்ததில்லை.

வாத்தியார்: ஆக்கமும் கொடுமையும்

சங்கரதாஸ் சுவாமிகள் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் ஆகிய வேடங்களில் அவையை அஞ்சச் செய்த அவர், பின்னர் வேடம் புனைவதை விட்டு ஆசிரியரானார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையை நிறுவினார். அதில் ஆறு வயதுச் சிறுவனாகச் சேர்ந்த தி. க. சண்முகத்திற்காக அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் எழுதினார் என்பது சண்முகத்தின் தன்வரலாற்றால் அறியப்படும் செய்தி. மாணவனின் வயது, குரல், ஆற்றல் ஆகியவற்றை அளந்து அதற்கேற்பப் பனுவலையே ஆக்கும் ஆசிரியரை இங்குக் காண்கிறோம். பாடத்திட்டத்திற்கு மாணவனைப் பொருத்தும் இக்காலக் கல்விக்கு இது நேர்மாறானது.

அருப்புக்கோட்டைக்குத் தெற்கே கரிசல் ஊரான நாகலாபுரத்தைச் சார்ந்த மதுரகவி பாஸ்கரதாஸும் நடிகரின் குரலறிந்து பாட்டெழுதியவரே. கிட்டப்பாவும், சிவகாசியில் பிறந்த விசுவநாததாஸும் அவர் பாடல்களை மேடைதோறும் பரப்பினர். பேரர் முருகபூபதி பதிப்பித்த அவருடைய நாட்குறிப்புகள், நாடகப் பயிற்சி வரலாற்றை எழுதுவோர்க்கு இன்றியமையாச் சான்று.

இம்மரபைப் போற்றுமிடத்து அதன் மறுபக்கத்தை மறைத்தல் ஆய்வு நேர்மையாகாது. பாலர் நாடகக் குழுக்களில் அடியும் பட்டினியும் பயிற்சியின் கூறுகளாக இருந்தன. பருவத்தில் மகரக்கட்டு நேர்ந்து குரல் உடைந்த சிறுவர்கள் வேடமிழந்து ஒதுக்கப்பட்டனர். குரல் மாறும் உடலைப் பேணும் முறையை அக்குழுக்கள் வகுத்ததாகத் தெரியவில்லை. பெண் கலைஞர்கள் மீது சுமத்தப்படும் சமூக இழிவைச் சூசன் சைசர் மதுரையில் தங்கிச் செய்த கள ஆய்வு (2005) விரிவாகப் பதிவு செய்துள்ளது. மரபைப் பல்கலைக்கழகத்திற்குள் கொண்டுவருவது என்பது இவற்றையும் சேர்த்துக் கொண்டுவருவதாகாது.

மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் காளி என். இரத்தினத்திடம் பயின்ற சிறுவர்களுள் எம். ஜி. இராமச்சந்திரனும் ஒருவர். 1977இல் அருப்புக்கோட்டைத் தொகுதி அவரைச் சட்டமன்றத்திற்கு அனுப்பியது. இரசிகர்கள் அவரை அழைத்த பெயரும் வாத்தியார் என்பதே!

பல்கலைக்கழகமும் தகுதியும்

அதே 1977இல் காந்திகிராமத்தில் தேசிய நாடகப் பள்ளியின் எழுபது நாள் பயிற்சி முகாம் நிகழ்ந்தது. சே. இராமானுஜம் முதலியோரின் பங்களிப்பால், உடற்பயிற்சி, மூச்சு, புனைந்தாடல், குழுவாக்கம் என்னும் நவீனப் பயிற்றுமுறை தென்மாவட்டங்களில் வேரூன்றியது. மு. இராமசாமியின் நிஜநாடக இயக்கம் இதனையடுத்துத் தோன்றியது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் நாடகத்துறையும், சங்கரதாஸ் சுவாமிகள் பெயரைத் தாங்கிய புதுவைப் பல்கலைக்கழக நிகழ்கலைப் பள்ளியும் முதுநிலைக் கல்விக்கு வழி திறந்தன.

ஆயினும் பெயரைத் தாங்குவது வேறு, முறையைத் தாங்குவது வேறு. புனைந்தாடலை மேலைநாட்டுப் பயிற்சியாகக் கற்கும் மாணவர், அதே திறனை ஆண்டுதோறும் மேடையில் மெய்ப்பிக்கும் தர்க்கத்தை நாடக வரலாற்றுத் தாளில் ஒரு பத்தியாகப் படிக்கும் நிலை பொருந்தாது. தர்க்கம் வரலாற்றுத் தாளிலிருந்து செய்முறைத் தாளுக்கு மாற வேண்டும். அங்ஙனம் மாறின் அதைக் கற்பிப்பவர் யார் என்னும் வினா எழும். பட்டமும் தேசியத் தகுதித் தேர்வும் கேட்கும் பணியிடத்திற்கு, பள்ளியிறுதி காணாத வாத்தியார் விண்ணப்பிக்கவும் இயலாது.

பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட நெறிமுறை, முறைசார் பட்டம் இல்லாத துறை வல்லுநரையும் நடைமுறைப் பேராசிரியராக அமர்த்த இசைவளிக்கிறது. அதற்கு வேண்டப்படுவது குறைந்தது 15 ஆண்டுப் பட்டறிவு, அது மூத்த நிலையில் அமைதல் விரும்பத்தக்கது. வாத்தியார்க்கோ பணிப்பதிவேடும் இல்லை, பதவி உயர்வு ஆணையும் இல்லை. இருப்பவை இரண்டு: நடிகர் சங்க உறுப்பினர் பதிவு, ஊர்தோறும் அச்சிட்டு ஒட்டப்படும் நாடக நோட்டீஸ். நாள், ஊர், நாடகம், வேடம், நடிகரின் பெயர், படம் ஆகிய அனைத்தும் அந்நோட்டீஸில் உள்ளன. பதினைந்து ஆண்டு நோட்டீஸ்களைத் திரட்டி அடுக்கினால் அது ஒரு கலைஞரின் பணிப்பதிவேடே. ஆனால் விழா முடிந்த மறுவாரம் அவை வெயிலில் வெளுத்துக் கிழிந்துவிடுகின்றன. பங்குனி முதல் ஆடி வரை அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்களில் ஒட்டப்படும் நோட்டீஸ்களைத் தமிழ்த்துறைகள் ஆண்டுதோறும் தொகுத்துப் பேணத் தொடங்கினால், நியமனக் குழுவின் முன் வைக்கத்தக்க முதல் ஆவணம் வாத்தியார்க்குக் கிட்டும்.