குதிரைக்கும் ஓய்வு வேண்டும்

இமயமலையில் கேதார்நாத் கோயில் இருக்கிறது. கௌரிகுண்டிலிருந்து பலர் குதிரை ஏறி அங்கே போகிறார்கள். பனிக்காலத்தில் சுமார் 6 மாதம் கோயிலை மூடிவிடுவார்கள். அதுதான் குதிரைக்கு ஓய்வுக் காலம்.

அப்போதும் சிலர் குதிரையைச் செங்கல், மணல் சுமக்க விடுகிறார்கள். சேணம் உரசிய புண் பிறகு எப்படி ஆறும்?

ஓய்வு என்றால் கட்டியே போடுவதும் அல்ல. தினமும் காலாற நடக்க விட வேண்டும். லாடத்தைக் கழற்றிக் குளம்பைச் சீவ வேண்டும். தானியத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். புல்லும் தண்ணீரும் குறையக் கூடாது.

கோயில் திறந்த அன்றே ஆளை ஏற்றலாமா? கூடாது. சில வாரம் முன்பே பழக்க வேண்டும். முதலில் வெறுமனே நடத்த வேண்டும். பிறகு சேணம். அதன் பிறகே பாரம்.

அவசரப்பட்டால் குதிரை நொண்டும். குதிரை படுத்தால் குடும்பமும் படுத்துவிடும்.