புகையூட்டிய வான்கோழியும் உணவு மேசையின் கடிகாரமும்

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் திருவனந்தபுரத்தின் பாளையத்திலும் சாலை அங்காடியிலும் கூட்டம் பெருகுகிறது. கேக்கும் வாத்துக்கறியும் மணக்கும் விருந்துகளில் அண்மைக் காலமாக வான்கோழியும் இடம்பிடித்துள்ளது. கொல்லத்தை அடுத்த குரீப்புழையில் அரசு வான்கோழிப் பண்ணை இயங்குவதால், இப்பறவை தென்கேரளத்திற்குப் புதியதன்று. ஆனால் முழுப் பறவையைப் புகையூட்டிப் பரிமாறும் முறை நம் இல்லங்களுக்குப் புதிது. புதிய உணவு ஒன்றை ஏற்கும்போது அதன் சுவையோடு அதற்குரிய கட்டுப்பாடுகளையும் சேர்த்தே ஏற்க வேண்டும். அவற்றைப் படிப்படியாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் மண்ணில் கற்ற பாடம்

2012ஆம் ஆண்டு ஜூலை மாதம், திருவனந்தபுரத்தில் ஷவர்மா உண்டபின் பெங்களூருக்குப் பயணம் சென்ற இளைஞர் ஒருவர் அங்கே உயிரிழந்தார். அதனைத் தொடர்ந்து கேரளத்தில் உணவகங்கள் பரவலாகச் சோதனையிடப்பட்டன. ஷவர்மா விற்பனைக்குத் தற்காலிகத் தடையும் விதிக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டு மே மாதம் காசர்கோடு மாவட்டத்துச் செறுவத்தூரில் ஷவர்மா உண்ட பள்ளி மாணவி ஒருவர் இறந்தார். மேலும் பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். 2023 ஜனவரியில் கோட்டயத்தில், கரியடுப்பில் வாட்டும் அல்ஃபாம் கோழியை உண்டபின் நோயுற்ற செவிலியர் ஒருவர் உயிரிழந்தார்.

அம்மாதமே கேரள அரசு, பச்சை முட்டை கலந்த மயோனைசைத் தடை செய்தது. பார்சல் உணவின்மீது, அது தயாரிக்கப்பட்ட நேரத்தையும் எந்த நேரத்திற்குள் உண்ணவேண்டும் என்பதையும் குறிக்கும் சீட்டு ஒட்டப்படவேண்டும் என்றும் ஆணையிட்டது. இவ்வாணையின் உட்பொருள் எளியது. இறைச்சி உணவுக்கு ஒரு முதிர்வு நேரம் உண்டு. வைப்புத்தொகை முதிர்ந்தால் இலாபம். இறைச்சியின் நேரம் கடந்தால் இழப்பு.

புகை செய்வதும் செய்யாததும்

'புகையூட்டிய இறைச்சி எளிதில் கெடாது' என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. அதற்குக் காரணமும் உண்டு. நம் முன்னோர் உப்புக்கண்டம் போட்டார்கள். அடுப்பின் மேலே தொங்கவிட்டு இறைச்சியை உலர்த்தினார்கள். அவ்விறைச்சியைக் காத்தது பெரும்பாலும் உப்பும் வறட்சியுமே, புகை துணைநின்றது. ஈரம் இல்லாத இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகமாட்டா.

இன்று விற்கப்படும் புகையூட்டிய வான்கோழியோ, மென்மையும் சாறும் நிறைந்தது. உப்பும் அளவாகவே உள்ளது. ஆகவே அதில் புகை தருவது நிறமும் மணமும் சுவையுமே. நெடுநாள் பாதுகாப்பு அன்று. சமைத்த கோழிக்கறிக்கு உரிய கவனம் அனைத்தும் இதற்கும் உரியது.

இன்னொரு குழப்பமும் உண்டு. புகையூட்டிய பறவையை அரியும்போது உட்பகுதி இளஞ்சிவப்பாகத் தோன்றலாம். புகையில் உள்ள வாயுக்கள் தசையின் நிறமியோடு சேர்வதால் இந்நிறம் உண்டாகிறது. ஆகவே சிவப்பைக் கண்டு வேகவில்லை என முடிவு செய்வதும், பழுப்பைக் கண்டு வெந்துவிட்டது என நம்புவதும் ஒருசேரத் தவறு. வெப்பமானி ஒன்றே உண்மையைச் சொல்லும்.

நினைவிற்கொள்ள மூன்று எண்கள்

முதலாவது 74. பறவையின் தொடையிலும் மார்பிலும் மிகத் தடித்த பகுதியில், எலும்பைத் தொடாமல் வெப்பமானியைச் செருகினால் 74 டிகிரி செல்சியஸ் காட்டவேண்டும். சால்மொனெல்லா, காம்பிலோபாக்டர் முதலிய நுண்ணுயிர்கள் அவ்வெப்பத்தில் அழிகின்றன.

இரண்டாவதும் மூன்றாவதும் 5, 60. இவ்விரு வெப்பநிலைகளுக்கு இடைப்பட்ட பகுதியே அபாய எல்லை. 30 டிகிரியை ஒட்டி நிற்கும் திருவனந்தபுரத்தின் பகல் வெப்பம் இவ்வெல்லையின் நடுவில் அமைந்துள்ளது. எனவே உணவு 60 டிகிரிக்கு மேல் சூடாகவோ, 5 டிகிரிக்குக் கீழ் குளிர்ந்தோ இருக்கவேண்டும். இடைநிலையில் இரண்டு மணி நேரத்திற்குமேல் இருக்கலாகாது.

வாங்கும்போது

உறையில் 14 இலக்க உரிம எண், தயாரித்த நாள், பயன்படுத்த வேண்டிய இறுதிநாள் ஆகியவை உள்ளனவா எனக் காண்க. 'முழுதும் சமைக்கப்பட்டது' என்று உள்ளதா, 'சமைத்து உண்க' என்று உள்ளதா என்பதை ஊன்றிப் படிக்கவேண்டும். குறைந்த வெப்பத்தில் புகை மட்டும் ஊட்டப்பட்ட இறைச்சி, தோற்றத்தில் வெந்தது போலிருந்தாலும் பச்சை இறைச்சியே. உப்பியோ கிழிந்தோ உள்ள உறையைத் தவிர்க்க. கடைசிப் பொருளாக இதனை வாங்கி, பனிக்கட்டியுடன் பையிலிட்டு நேரே இல்லம் சேர்க.

வீட்டிலேயே புகையூட்ட விரும்புவோர், உறைந்த பறவையை அப்படியே புகைமேல் ஏற்றலாகாது. உள்ளே உறைபனி உருகுமுன் வெளிப்புறம் அபாய எல்லையில் நெடுநேரம் கிடக்கும். புகையடுப்பின் உள்வெப்பம் 107 முதல் 150 டிகிரி வரை நிலைத்திருக்கவேண்டும். கரியடுப்பை மூடிய அறையில் மூட்டுதல் உயிருக்கே ஊறு. பச்சைப் பறவையைக் குழாய் நீரில் கழுவுவதும் வேண்டா. தெறிக்கும் துளிகள் வழியே நுண்ணுயிர்கள் சமையலறை எங்கும் பரவும்.

ஒரு கணக்கு

முழுதும் சமைத்து உறையவைத்த 4 கிலோ எடையுள்ள புகையூட்டிய வான்கோழி ஒன்றை, டிசம்பர் 25 பகல் 1 மணிக்குப் பரிமாறவேண்டும் எனக் கொள்வோம்.

உறைந்த பறவை இளக, ஒவ்வொரு 2 கிலோவுக்கும் ஏறத்தாழ 24 மணி நேரம் தேவை. எனவே 23ஆம் தேதி காலையிலேயே அதனை உறைபெட்டியிலிருந்து எடுத்து, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், ஆழமான தட்டின்மேல் வைக்கவேண்டும். சமையல் மேடையில் இரவு முழுதும் வைத்து இளகச்செய்தல் கூடாது. 25ஆம் தேதி முற்பகலில் அடுப்பில் மூடிச் சூடாக்கி, உட்பகுதி 74 டிகிரியைத் தொட்டதும் எடுக்க. தூய பலகையில், தூய கத்தியால் அரிக. பச்சைக் காய்கறிக்குத் தனிப் பலகை வேண்டும்.

1 மணிக்கு மேசைக்கு வந்த இறைச்சி, 3 மணிக்குள் குளிர்சாதனப் பெட்டியை அடையவேண்டும். எஞ்சியதை எலும்பிலிருந்து நீக்கி, சிறு துண்டுகளாக்கி, ஆழமற்ற பாத்திரங்களில் பரப்புக. பெரிய துண்டின் நடுப்பகுதி மெதுவாகவே குளிரும். சமையலில் தப்பிய நுண்ணுயிர் வித்துகள் அவ்விடத்தில் முளைத்துப் பெருகும். அவ்வாறு வைத்ததை மூன்று, நான்கு நாட்களுக்குள் உண்டு முடிக்க. மின்தடை ஏற்பட்டால் கதவைத் திறவாதிருக்க. மூடிய குளிர்சாதனப் பெட்டி ஏறத்தாழ 4 மணி நேரமே குளிரைத் தாங்கும்.

மீண்டும் சூடாக்கினால் போதாதா?

'நன்றாகக் கொதிக்கவைத்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்பர் சிலர். இது முழு உண்மையன்று. கையிலிருந்தும் மூக்கிலிருந்தும் உணவில் சேரும் ஸ்டஃபிலோகாக்கஸ் நுண்ணுயிர், அபாய எல்லையில் பெருகும்போது நச்சுப்பொருளை உண்டாக்குகிறது. கொதிநிலையில் நுண்ணுயிர் இறக்கும், நச்சு அழியாது. ஆகவே நேரம் தவறிய இறைச்சியை நெருப்பு மீட்காது. அதனை எறிவதால் வரும் நட்டம் சில நூறு ரூபாய். உண்பதால் வரும் நட்டத்திற்கு அளவில்லை.

லிஸ்டீரியா என்னும் நுண்ணுயிர் குளிர்சாதனப் பெட்டியிலும் வளரவல்லது. எனவே கருவுற்ற பெண்கள், முதியோர், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியோர் ஆகியோர் புகையூட்டிய இறைச்சியைக் குளிர்ந்த நிலையில் உண்ணாது, ஆவி பறக்கச் சூடாக்கியே உண்ணவேண்டும்.

இடர் நேர்ந்தால்

வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் ஆகியவை சில மணி நேரத்திலும் தோன்றலாம். சில நாட்கள் கழித்தும் தோன்றலாம். உப்புச் சர்க்கரைக் கரைசலைப் பருகத் தருக. மலத்தில் இரத்தம், தணியாத காய்ச்சல், மயக்கம், சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும், உடனே மருத்துவரை நாடுக. குழந்தைகள் விஷயத்தில் காத்திருத்தல் ஆகாது.

வாங்கிய உணவில் ஐயம் இருப்பின் உறை, இரசீது, எண்ணிமப் பணப் பரிமாற்றப் பதிவு, மருத்துவச் சான்று ஆகியவற்றைப் பேணுக. கேரள உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 1800 425 1125 என்னும் கட்டணமில்லா எண்ணிலும், தேசிய நுகர்வோர் உதவிக்கு 1915 என்னும் எண்ணிலும் முறையிடலாம். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006, பிரிவு 65இன்படி, பாதுகாப்பற்ற உணவால் இறப்பு நேர்ந்தால் 5 இலட்சம் ரூபாய்க்குக் குறையாத இழப்பீடும், கடுமையான பாதிப்புக்கு 3 இலட்சம் ரூபாய் வரையிலும், பிற பாதிப்புகளுக்கு 1 இலட்சம் ரூபாய் வரையிலும் இழப்பீடும் விற்றவரிடமிருந்து பெற வழியுண்டு.

ஆயினும் எந்த இழப்பீடும் ஓர் உயிருக்கு ஈடாகாது. விருந்தினரை உபசரிப்பது நம் மரபு. அவர் நலமாக வீடு திரும்புவதை உறுதிசெய்வதும் அம்மரபின் பகுதியே. இவ்வாண்டு விருந்து மேசையில் வான்கோழியை வைக்கும்போது, அருகே ஒரு சீட்டில் பரிமாறிய நேரத்தையும் எழுதி வையுங்கள். கடைக்காரருக்கு அரசு விதித்த ஒழுங்கை, நம் இல்லத்திற்கு நாமே விதித்துக்கொள்வோம்.